லாரியில் ஏறிய பாலாறு

மோகன்குமாருக்கு உத்திரமேரூரில் மைக்செட் தொழில். காதுகுத்து, கூழ் ஊற்றுவது, கட்சிக் கூட்டம், எதுவானாலும் சுற்றுவட்டாரத்தில் அவனைத்தான் கூப்பிடுவார்கள். மேடையில் யார் என்ன பேசினாலும் அவன் காதில் ஏறாது. தாண்டவராயன் பேசினால் மட்டும் அப்படி இருக்க முடியவில்லை.

தாண்டவராயன் ஓய்வுபெற்ற வாத்தியார். திருவிழா மேடைகளில் சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறவர். பிள்ளைகள் பரீட்சையில் எழுதிய கோணல் பதில்கள்தான் அவருடைய சரக்கு. தாவரங்கள் எப்படி உணவு தயாரிக்கின்றன என்ற கேள்விக்கு, 'கேஸ் தீர்ந்துபோகும் கவலை இல்லாமல்' என்று ஒரு பெண் எழுதியிருந்தாளாம். கூட்டம் சிரித்து ஓய்ந்ததும் பாலாற்றுக்கு வருவார்.

"பாலாறு எங்கே தோன்றி எங்கே கலக்கிறதுன்னு கேட்டேன். ஒருத்தன் எழுதறான்: பாலாறு திருமுக்கூடலில் தோன்றி, லாரியில் ஏறி, சென்னையில் கலக்கிறது. என் நைனாதான் ஏற்றிவிடுகிறார்."

எழுதியவன் மோகன்குமார். திருமுக்கூடலில் ஏழாவது படிக்கும்போது எழுதியது. விளையாட்டுக்கு எழுதவில்லை. அப்பா பஞ்சாட்சரம் ஆற்றில் மணல் அள்ளி லாரிக்கு ஏற்றும் கூலி. இதெல்லாம் எங்கே போகிறது என்று கேட்டால் மெட்ராசுக்கு என்பார். தெரிந்ததை எழுதினான். வாத்தியார் முட்டை போட்டு வகுப்பு முழுக்கக் கேட்கும்படி வாசித்தார். அந்த வருஷமே அவர் மாற்றலாகிப் போய்விட்டார்.

மோகன்குமார் ஒன்பதாவதில் இருந்தபோது மணல்மேடு சரிந்து அப்பாவை மூடியது. தோண்டி எடுத்தபோது வாயெல்லாம் மணல். அதோடு படிப்பு நின்றது. ஒரு மைக்செட் கடையில் ஒயர் சுற்றும் வேலைக்குப் போனான்.

இதில் அப்பா செத்தது மட்டும்தான் அவன் மனைவி சுதாவுக்குத் தெரியும். போன வருஷம் ஒரு திருவிழாவில், பாலாறு வந்ததும் பெண்கள் பக்கத்தில் அவளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வீட்டுக்கு வந்தவன் தட்டைத் தொடவில்லை. அவள் துருவித் துருவிக் கேட்ட பிறகு சொன்னான். சுதா தட்டை எடுத்து மூடி வைத்தாள். பிறகு, வாத்தியாரிடம் போய்ச் சொல், ஒன்றும் தெரியாமல் பேசிக்கொண்டிருக்கிறார் என்றாள்.

இந்தச் சித்திரைத் திருவிழாவில் வாத்தியார் சட்டையில் மைக் மாட்டும்போது சொன்னான்.

"சார், அந்தப் பாலாறு எழுதனது நான்தான். அத்த மட்டும் வுட்டுடுங்க சார்."

தாண்டவராயன் முகம் மலர்ந்துபோயிற்று. அவனைக் கட்டிக்கொண்டார். இத்தனை ஊரில் கைதட்டு வாங்கிக் கொடுத்தவன் நீயா என்றார். ஏன் விடச் சொல்கிறான் என்று கேட்கவில்லை. அதற்குள் மேடையில் அவரை அழைத்துவிட்டார்கள்.

பாலாறு வந்தது. அந்தப் பையன் இங்கேதான் இருக்கிறான், நம் மைக்செட்காரர்தான் என்று கையைக் காட்டினார். கூட்டம் திரும்பிப் பார்த்துக் கைதட்டியது. கமிட்டிக்காரர்கள் அவனைத் தள்ளாத குறையாக மேலே ஏற்றினார்கள். உன் வாயாலேயே சொல் என்று வாத்தியார் வேறொரு மைக்கை நீட்டினார்.

"எங்க நைனா அந்த ஆத்துலயே மண்ணு சரிஞ்சி செத்துப்பூட்டாரு" என்றான் மோகன்குமார்.

முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அது பின்னால் பரவி, கடைசியில் கூட்டமே சிரித்தது. வாத்தியாரும் சிரித்தபடி அவன் முதுகில் தட்டிவிட்டு அடுத்த பதிலுக்குப் போனார். பெண்கள் பக்கத்திலிருந்து சுதா மட்டும் எழுந்து வெளியே போவது தெரிந்தது. அவன் இறங்கி வந்து ஆம்ப்ளிஃபயர் முன்னால் உட்கார்ந்தான். ஒயரைப் பிடுங்கக் கை பரபரத்தது. பிடுங்கவில்லை.

அடுத்த மாதம் சாலவாக்கத்தில் அவர் பேசிய வீடியோ செல்போனில் வந்தது. பாலாற்றின் கடைசியில் புதிதாக ஒரு வரி சேர்ந்திருந்தது: "உங்க அப்பா எங்கடான்னேன். ஆறு லாரில போச்சு, அப்பா ஆத்தோட போயிட்டார்னான்."

மோகன்குமார் அவருக்கு போன் செய்தான்.

"மெய்யாலுமே செத்தாரு சார். தமாசுக்குச் சொல்லல."

அவர் அடடா என்றார். பிறகு, ஜனங்கள் ரசிக்கிறார்களே, உன் பேரை நான் சொல்வதில்லையே, தப்பா எடுத்துக்காதப்பா என்று வைத்துவிட்டார்.

வாத்தியார் பேசும் கூட்டத்துக்கு இனி செட் போடுவதில்லை என்று அவன் சொல்லிவிட்டான். ஆடித் திருவிழாவுக்கு கமிட்டி வாத்தியாரைக் கைவிடவில்லை, ஓரிக்கையிலிருந்து வேறு செட்டைக் கொண்டுவந்தது. அன்று அவன் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டில் இருந்தான். ஸ்பீக்கரைத் தெருமுனை வரைக்கும் கட்டியிருந்தார்கள். பாலாறு ஆரம்பித்ததும் சுதா எழுந்து டிவியின் சத்தத்தைக் கூட்டினாள்.