பெருகின காசு

பட்டணத்து நாணய அறிஞர் ஒருவர் மாட்டிக்கொண்ட செய்தியைப் பேப்பரில் படித்த அன்று நான் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. யுத்தம் முடிந்த சமயம். தம் பொறுப்பில் இருந்த பொற்காசுகளைச் சுருட்டிக்கொண்டு, அந்த இடத்தில் முலாம் பூசிய செம்பை வைத்துவிட்டாராம். திருத்தணியில் வாத்தியாராக இருந்த எனக்குப் பழங்காசுப் பைத்தியம் பிடித்ததே அவர் எழுதிய இரண்டு தொகுதிகளால்தான். ஆனால் அன்று எனக்கு நினைவு வந்தது புத்தகமல்ல, என் மனைவியின் தாலிக்காசு.

சில வருஷங்களுக்கு முன் ஆடிக் கிருத்திகைக்கு மலைக்கு வந்த அந்த அறிஞர் எங்கள் வீட்டில் சாப்பிட்டார். பரிமாறும்போது என் மனைவி தாலியோடு கோத்திருந்த, சாமி உருவம் போட்ட பழைய பொன் வராகன் அவர் கண்ணில் பட்டது. அவள் அம்மா கழுத்திலிருந்து அவள் கழுத்துக்கு வந்தது. படம் எடுத்துவிட்டுத் தருகிறேன் என்றார். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் கழற்றிக் கொடுத்தாள்.

"படிச்ச மனுசன் கேக்கறாரு, பாவா" என்றாள். என் தாய்மாமன் மகள் அவள். கல்யாணமாகியும் எனக்கு அதே பெயர்தான்.

மறுமாதம் பளபளவென்று திரும்பி வந்தது. "மெருகு போட்டுக் குடுத்துக்கிறாரு பாருங்க" என்று தெருவெல்லாம் காட்டினாள்.

இரண்டாம் தொகுதி வந்தபோது அதில் அவள் காசின் படம் இருந்தது. கீழே இங்கிலீஷில் எழுதியிருந்ததைத் தமிழில் சொன்னேன்: "துளை உள்ளது. இரு பக்கமும் தேய்ந்தது." சண்டைக்கு வந்துவிட்டாள்.

"தாலிக்காச தேஞ்சதுன்னு சொல்வாங்களா? வாயக் கழுவுங்க! பெருகிச்சுன்னு சொல்லணும்."

தாலிக்கயிறு இற்றுப்போனால்கூடப் பெருகிற்று என்பதுதான் எங்கள் பெண்கள் வழக்கம். அதெல்லாம் வெள்ளைக்காரன் பாஷைக்குத் தெரியாதடி என்று சிரித்தேன். அந்த வருஷமே விஷக்காய்ச்சலில் அவள் போய்விட்டாள். காசை மட்டும் மகள் கல்யாணத்துக்கென்று எடுத்து வைத்திருந்தேன்.

பேப்பரை மடித்துப் போட்டுவிட்டு அந்தக் காசோடு பத்தர் கடைக்கு நடந்தேன். உரைகல்லில் இழுத்துப் பார்த்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"வாத்தியாரே, இது பொன் இல்லீங்க. செம்பு. மேல கெட்டி முலாம்."

கடையிலேயே வாய்விட்டு அழுதேன். வாத்தியார் அழுவதைப் பார்க்கக் கூட்டம் கூடியது. கூடட்டும். சுமங்கலியாகப் போனாள் என்பதுதான் எனக்கு மிச்சமிருந்த ஆறுதல். சாகும்போது அவள் கழுத்தில் செம்பைத் தொங்கவிட்டிருக்கிறான் படுபாவி.

புத்தகங்களை அடுப்பில் போடு என்றாள் மகள். எனக்குக் கை வரவில்லை. அந்த வாரமே ஆர்.கே.பேட்டையிலிருந்து ஒரு குடியானவர் துணியில் முடிந்த காசோடு வந்தார். "ஏர் ஓட்டச்சொல்ல கெடைச்சுதுங்க. உருக்கிடலாமா?" என்றார். வேறு வழி? அதே புத்தகத்தைப் பிரித்தேன். கண்டுபிடித்துவிட்டேன், அபூர்வமான காசு. உருக்காதீர்கள் என்று சொல்லி அனுப்பினேன். அவன் எழுதியதில் ஒரு வரிகூடப் பொய்யில்லை, அதுதான் என் வயிற்றெரிச்சல். எல்லாம் புளுகாக இருந்திருந்தால் நானே நெருப்பு வைத்திருப்பேன்.

குடியானவர் படி இறங்கியதும் மகள் வந்து நின்றாள்.

"அம்மா கழுத்துல இருந்து திருடினவன் புஸ்தகத்த வெச்சிகினு உனக்கு எப்படி நைனா சோறு எறங்குது?"

பிடுங்கிக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன். "ஒரே ஒரு பக்கம் பாத்துட்டுப் போடும்மா" என்று அந்தப் படத்தைப் பிரித்துக் காட்டினேன்.

"இன்னா நைனா, சாமிக்கு மொகமே இல்ல?"

"உங்கம்மா கழுத்துல உராஞ்சு போச்சு. அதுக்கு முன்னாடி அவங்க அம்மா கழுத்துல. அந்தக் காசு இனிமே இங்க மட்டும்தான்."

படத்தை விரலால் தடவிப் பார்த்தாள். "கீழ இன்னா எழுதிக்கிறான்?" என்றாள்.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன்.

"துளை உள்ளது. இரு பக்கமும் பெருகியது" என்று படித்தேன்.

அவள் அடுப்பருகிலேயே உட்கார்ந்துவிட்டாள். புத்தகம் அவள் மடியில் இருந்தது.

"இன்னொரு வாட்டி படி, நைனா" என்றாள்.