ஒரு மைதானத்துக்கு இரண்டு வாசல்

2009 கோடையில் என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை. வேலை முடிந்து பாரிஸின் லா சப்பல் அறைக்கு வந்தால் கட்டிலுக்கும் யன்னலுக்கும் இடையில் நடப்பேன். சப்பாத்தைக் கழற்றவும் தோன்றாது. போர் நடந்த வன்னியில் இருந்த எங்கள் கடைசித் தம்பியிடமிருந்து மாசிக்குப் பிறகு ஒரு தொலைபேசி அழைப்பும் வரவில்லை. வைகாசியில் எல்லாம் முடிந்துவிட்டது என்றார்கள். அவனை நாங்கள் சின்னவன் என்றுதான் கூப்பிடுவோம். சின்னவன் முடிந்தானா இல்லையா என்று சொல்ல ஒருவரும் இல்லை.

கீழ்வீட்டுக்காரர் முறைப்பாடு செய்திருக்க வேண்டும். ஒரு மாலை எங்கள் கொன்சியேர்ஜ் படியேறி வந்தார். வாசலறையில் குடியிருந்து கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஸ்பெயின்காரப் பெண்மணி. அறுபது வயதிருக்கும். வாய் சும்மா இராது. "மிசியே, நடக்கத்தான் வேண்டுமென்றால் வீதியில் போய் நடங்கள். முடியாவிட்டால் என் அறையில் வந்து உட்காருங்கள்" என்றார். எரிச்சலோடுதான் போனேன். அவர் தந்த கோப்பியும் நன்றாக இல்லை. ஆனால் அதன்பிறகு அடிக்கடி போனேன்.

அந்தக் கோடையில்தான் எங்கள் ஊர்க் கழகமும் உடைந்தது. பாரிஸில் எங்கள் ஆட்கள் ஊருக்கு ஒரு விளையாட்டுக் கழகம் வைத்திருக்கிறார்கள். கோடை வந்தால் புறநகர் மைதானங்களில் ஊரோடு ஊர் கால்பந்தில் மோதும். அந்த வருடம் விளையாடுவதா வேண்டாமா என்று பேச்சு வந்தது. பியர்ஃபித் புறநகரில் இருந்த என் அண்ணை கொதித்தெழுந்தார்.

"சனம் செத்துக் கிடக்குது. சின்னவன் எங்கை எண்டு தெரியேல்லை. உங்களுக்குப் பந்து கேக்குதோ?"

அவர் சொன்னதில் பிழையில்லை. ஆனால் ஓடாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்திருக்கும். அதைச் சொல்லத் தெரியாமல், "சும்மா குந்தியிருந்தா அவன் வந்திடுவானோ?" என்று கேட்டேன். அன்றோடு அண்ணை என்னோடு கதைக்கவில்லை. அடுத்த வருடம் அவருடைய ஆட்கள் அதே பெயரில், அதே பச்சைச் சட்டையில், இன்னொரு கழகம் தொடங்கினார்கள். அந்தக் கோடையில் பந்து உதைத்தவர்களுக்கு ஊர்ப் பெயரைச் சொல்ல உரிமையில்லையாம்.

இதைக் கேட்டு கொன்சியேர்ஜ் ஆச்சரியப்படவேயில்லை. சுவரில் தொங்கிய பழைய படமொன்றைக் கழற்றி மேசையில் வைத்தார். அவருடைய சிறிய ஊரின் கால்பந்துக் கழகம். செங்கல் சூளை வேலைக்காரர்கள் தொடங்கியது. பந்தை மடியில் வைத்திருந்தவர் அவருடைய தகப்பன். பிறகு உள்நாட்டுப் போர் வந்தது. அது முடிந்தபோது ஊரும் இரண்டு, கழகமும் இரண்டு. வென்றவர்களிடம் மேயரும் பாதிரியாரும் இருந்தார்கள். தோற்ற சூளைக்காரர்கள், தங்களை யாரும் தொந்தரவு செய்யக்கூடாதென்று, கழகத்தின் பெயருக்கு முன்னால் ஒரு புனிதரின் பெயரை ஒட்டிக்கொண்டார்கள்.

மைதானம் மட்டும் ஒன்றுதான். ஒரு ஞாயிறு இவர்கள், மறு ஞாயிறு அவர்கள். வென்றவர்கள் வீதி வாசலால் போவார்கள், தோற்றவர்கள் ஆற்றுப் பக்க வாசலால். "அப்பா புல் வெட்டப் போனாலும் ஆற்றைச் சுற்றித்தான் போவார். உள்ளே ஒரு குருவிகூட இருக்காது. ஆனாலும் சுற்றித்தான் போவார்" என்றார். அவருடைய சித்தப்பா வீதி வாசல்காரர்.

"பிறகு?"

"பிறகு சேர்ந்தார்கள்" என்றார். அதற்குள் யாரோ பொதியோடு வந்து மணியடிக்க, எழுந்து போய்விட்டார். மீதியைக் கேட்க எனக்குப் பொறுமை இல்லை. சேர்ந்தார்கள் என்ற ஒரு சொல் போதுமாக இருந்தது.

போய்க் கூட்டம் வைத்தேன். எங்கள் ஆட்களுக்கு எது நடந்தாலும் கூட்டம்தான். லா சப்பலில் ஓர் உணவகத்தின் நிலவறை. விளக்கேற்றல், மௌன வணக்கம், தலைமையுரை, நன்றியுரை, இடையில் வடையும் தேநீரும். முதல் திரியை யார் ஏற்றுவது என்பதிலேயே பிடித்துக்கொண்டது. இரண்டு தலைவர்களும் நெருப்புப்பெட்டியை விடவில்லை. நடுநிலைக்கென்று அழைத்திருந்த பழைய தலைவர் மானம் போனதாக எழும்ப, அவரோடு ஒரு மேசையே எழும்பியது. இரண்டை ஒன்றாக்கப் போய், வடை ஆறுமுன் மூன்றாகிவிட்டோம். பின்வரிசையில் இருந்த அண்ணை என்னைத் தாண்டித்தான் படியேறினார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

கொன்சியேர்ஜ் கண்ணீர் வரச் சிரித்தார்.

"கூட்டம் வைத்துச் சேர்ந்தார்கள் என்று நான் சொன்னேனா? ஊர்ப் பெடியன்கள் பார்சலோனா, ஜெர்மனி, பாரிஸ் என்று வேலைக்குப் போய்விட்டார்கள். ஒரு ஞாயிறு இரண்டு பக்கத்திலும் பதினொரு பேர் இல்லை. அவ்வளவுதான்."

சேர்ந்த கழகம் தொடங்கிய ஆண்டு எது என்று பிறகும் அங்கே சண்டை. கடைசியில் ஆண்டே எழுதாமல் பெயர்ப்பலகையை மாட்டினார்களாம்.

"அப்பாவும் சித்தப்பாவும் கதைத்தார்களா?"

"பந்தைப் பற்றிக் கதைத்தார்கள். சாகும்வரை வேறெதுவும் கதைக்கவில்லை."

அன்று பாதிப் படியில் நின்றுவிட்டேன். பந்துக் கதை மட்டும் எனக்குப் போதாது. அம்மாவும் அப்பாவும் போய்விட்டார்கள். அவனைச் சின்னவன் என்று சொல்ல இந்த உலகத்தில் மிஞ்சியிருந்தது நாங்கள் இரண்டு பேர்தான். அண்ணையோடு கதைக்காமல் அவனைப் பற்றி நான் யாரோடு கதைப்பது?

வருடங்கள் ஓடின. மூன்றாவது கழகம் ஒரு கோடையோடு படுத்துவிட்டது. எங்கள் பிள்ளைகளை விளையாடக் கூப்பிட்டால் பிரெஞ்சில் சாட்டுச் சொன்னார்கள். எங்களுக்கு முழங்கால் போனது, வயிறு வந்தது. ஒரு கோடை லெ பிளாங்-மெனில் மைதானத்தில் நாங்கள் ஏழு பேர் பச்சைச் சட்டையோடு நின்றோம். எதிர் மூலையில் அதே பச்சையில் அண்ணையும் அவருடைய ஆட்களுமாக ஆறு பேர். போட்டி நடத்துபவர் மணிக்கூட்டைத் தட்டிக் காட்டிவிட்டுப் போனார். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. அந்தப் பக்கத்தில் ஒருவர் தண்ணீர்ப் போத்தல் எடுக்க எங்கள் பக்கம் வந்தார். வந்தவர் திரும்பிப் போகவில்லை. பிறகு இன்னொருவர் வந்தார். சட்டை ஒரே நிறம் என்பதால் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு எதுவும் தெரிந்திருக்காது.

கோல் காக்க ஆளில்லை. ஊரில் எங்கள் கழகத்துக்குக் கோல் காத்தவன் சின்னவன். அண்ணை கையுறைகளோடு நேரே என்னிடம் வந்தார்.

"நீ நில்லு."

"அது அவன்ரை இடம், அண்ணை."

"தெரியும். நான் வலைக்குப் பின்னுக்கு நிக்கிறன்."

இன்னொரு ஊர்க் கழகத்தோடு ஆட்டம் தொடங்கியது. பந்து நெடுநேரம் எதிர்ப்பக்கத்திலேயே கிடந்தது. வலைக்குப் பின்னால் இருந்து அண்ணை கேட்டார்.

"அவன் வருவான் எண்டு நீ இப்பவும் நினைக்கிறியோ?"

நான் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் அழுதிருப்பேன்.

"ஓம்" என்றேன்.

அண்ணை வலைக்கு இன்னும் கிட்ட வருவது கேட்டது.

"எனக்கு ஏலாமல் போட்டுது, தம்பி" என்றார் அண்ணை. "நீயாவது நினைச்சுக்கொண்டிரு."