கை படாம பாத்துக்கறன்பா

தாவீதின் குரல் காஞ்சிபுரம் முழுக்கத் தெரியும். முகம் தெரிந்தவர்கள் குறைவு. ஜட்கா வண்டியின் இரண்டு பக்கமும் சினிமா தட்டி கட்டியிருக்கும். நடுவில் அவனும் ஒரு மைக்கும் ஒரு பாட்டரியும். "இன்று முதல்" என்று அவன் இழுத்தால் போதும், நோட்டீஸுக்காகப் பிள்ளைகள் பின்னாலேயே ஓடிவரும். எட்டாவதோடு படிப்பு அவனை விட்டுவிட்டது. அவனும் அதைத் தேடிக்கொண்டு போகவில்லை.

1972-ல் பட்டுக்கடை தணிகாசலம் தன் கடைக்கு ஒரு விளம்பரப் படம் எடுத்தார். தியேட்டரில் இடைவேளையின்போது ஓடுகிற சின்னப் படம். மதராஸிலிருந்து வந்த தனசேகரன் என்பவர் படத்தை எடுத்து முடித்துவிட்டார். சத்தம் சேர்ப்பதுதான் பாக்கி. கதை சொல்ல உள்ளூர்க் குரல் வேண்டுமென்று தாவீதுக்கு ஆள் அனுப்பினார்கள்.

"சினிமாக் கொட்டாயில என் கொரல் வரப்போவுதும்மா. வண்டி இல்லாம, குதிர இல்லாம!"

அவன் அம்மா மரியம்மாள் தெருத்தெருவாகக் கீரை விற்பவள். கூடையை இறக்கிவிட்டு, "குதிர இல்லாமயா? அப்ப கொஞ்சம் வேகமாவே வரும்" என்றாள். சொன்னாளே தவிர, மறுநாள் கீரை விற்ற வீடு ஒன்று விடாமல் அந்தச் செய்தியையும் சேர்த்துப் போட்டுவிட்டு வந்தாள்.

கடை மாடியில் ஜன்னலுக்கெல்லாம் ஜமுக்காளம் மாட்டி, டேப் ரிக்கார்டரை நடுவில் வைத்தார்கள். கோபுரம் வரும்போது மணி, தறி வரும்போது தறிச்சத்தம், மணப்பெண் நடக்கும்போது நாதஸ்வரமும் புடவைச் சரசரப்பும் என்று ஏற்பாடு. நிஜப் பட்டைக் கசக்கினால் டேப்பில் ஒன்றுமே விழவில்லை. பூக்கடையிலிருந்து வாழைச்சருகு கொண்டுவந்து கசக்கினார்கள், பட்டாகவே பேசியது.

"இம்மாம் வெலப் பொடவைக்கு வாழச்சருகாடா வாய் குடுக்குது?" என்று தணிகாசலம் நொந்துகொண்டார்.

கொலுசுக்குக் கடையின் சாவிக்கொத்து. பிறகு தாவீது கதையைப் படித்தான். 'தலைமுறை தலைமுறையாய் நெய்த நம்பிக்கை' என்று முடியும். தனசேகரன் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "நல்லா இருக்குய்யா" என்றார். தாவீதுக்குக் காது மடல் சூடாகிவிட்டது.

ஓர் இடம் மட்டும் உதைத்தது. கடையின் கண்ணாடி பீரோக்களையே வரிசையாகக் காட்டும் இடம். "இங்க படம் செத்துக் கெடக்கு. ஜனங்க சிரிக்கிற மாதிரி ஏதாவது வேணும்" என்றார் தனசேகரன்.

டீ வந்தது. தாவீதின் வாய் சும்மா இருக்கிற வாய் இல்லை. அக்கா கல்யாணத்துக்கு முன்னால் இதே கடை வாசலில், படி ஏறாமல் நின்று அம்மா ஒரு புடவையின் விலை கேட்டிருந்தாள். பக்கத்தில் அவனும் நின்றிருந்தான். அதை அம்மாவின் குரலிலேயே எடுத்துவிட்டான்.

"யப்பா... அந்தச் செவப்பு இன்னா வெலபா? எடுத்துப் போட வாணாம்பா. நான் கை படாம பாத்துக்கறன்பா."

கடைசி 'பா'வில் அவள் குரல் கொஞ்சம் உடையும். அதையும் அவன் விடவில்லை. தணிகாசலத்துக்கு மூக்கில் டீ ஏறிவிட்டது. அவருக்கு எதுவும் ஞாபகமில்லை.

"யாருய்யா அது?" என்றார் தனசேகரன்.

"யாரோ ஒரு கெழவி, சார்."

"இதான்யா அந்த எடத்துக்கு!" டேப் சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

"அது வாணாம் சார். சும்மா வெளையாட்டுக்கு..."

"அட, கதை சொல்ற குரலும் உன்னுதுதானேய்யா."

அந்த ஒரு சொல்லுக்குத் தாவீது தலையை ஆட்டிவிட்டான்.

படம் ஓடத் தொடங்கிய அன்று மேட்னிக்கு அம்மாவை அழைத்துப் போனான். மரியம்மாள் கோயிலுக்குக் கட்டும் புடவையைக் கட்டிக்கொண்டு, அடுத்த வீட்டு எல்லம்மாளோடு பெண்கள் பக்கம் தரையில் உட்கார்ந்தாள். தாவீது தடுப்புச் சுவரையொட்டி நின்றான். மணி வந்தது. தறி வந்தது. வாழைச்சருகு வந்தது. அவன் படித்த வரிகளும் வந்தன, நெய்யில் தோய்த்தெடுத்த யாரோ ஒரு மதராஸ்காரர் குரலில்.

அடுத்தது பீரோக்கள். "யப்பா... அந்தச் செவப்பு இன்னா வெலபா?"

கொட்டகையே அதிர்ந்தது. விசில் அடித்தார்கள். சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்த மாதிரி நெய்க்குரல், "தரம் அறிந்தவர்கள் தேடி வரும் இடம்" என்றது.

சுவருக்கு அந்தப் பக்கம் எல்லம்மாள் சிரித்துக்கொண்டே சொல்வது கேட்டது: "யக்கா, அப்பிடியே உன்ன மாதிரியே பேசுதுக்கா அது!"

வெளியே வெயில். அம்மா முன்னால் நடந்தாள்.

"நான் படிச்சதையெல்லாம் எடுத்துட்டானுங்கம்மா. இத மட்டும்..."

"நல்லாத்தான் பேசிகிற. ஒரு எழுத்து மாறல." வெயிலுக்கு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டாள். "அன்னிக்கி நான் கேக்கச்சொல்ல யாரும் சிரிக்கலியே, நைனா. சிரிக்கற பேச்சுன்னு எனுக்குத் தெரியாமப் பூடுச்சி."

அதன் பிறகு, எந்தப் படம் மாறினாலும் அந்த விளம்பரம் மாறவில்லை. மரியம்மாள் "கீரேய்" என்று குரல் கொடுத்தால், எந்தச் சந்திலிருந்தாவது ஒரு பையன் "கை படாம பாத்துக்கறன்பா!" என்று பதில் கொடுப்பான். அவள் கூவுவதை விட்டுவிட்டாள். கூவாத கீரைக்காரி வந்தது யாருக்குத் தெரியும்? மத்தியானம் வாடிய கட்டுகளோடு வீடு திரும்பினாள்.

ஒரு வெள்ளிக்கிழமை, புதுப்படத்தைக் கத்திக்கொண்டு போன ஜட்கா ஒரு தெருவுக்குள் திரும்பியபோது, முன்னால் கூடையோடு அம்மா போவதைத் தாவீது பார்த்தான். கதவுகளெல்லாம் சாத்தியிருந்தன. அவன் படத்தின் பெயரைப் பாதியில் விட்டான்.

"கீரை வந்திருக்குதும்மா. அரைக்கீரை, முளைக்கீரை. வாங்கம்மா, வந்து வாங்குங்கம்மா."

கிண்டல் எதுவும் இல்லாத, சொந்தக் குரல். கதவுகள் திறந்தன. ஒரு மாடியிலிருந்து யாரோ கத்தினார்கள்: "டேய் தாவீது, அந்தப் பட்டுப்பொடவ கெழவி மாதிரி சொல்றா!"

தெரு சிரித்தது. வண்டிக்காரன் பழனியும் சேர்ந்துகொண்டு, "சொல்லேன்பா, ஆசையா கேக்கறாங்க" என்றான்.

மரியம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்த சந்துக்குள் நுழைந்துவிட்டாள். ஜட்கா போக முடியாத சந்து. இறங்கிப் போகலாம்தான். கையில் மைக் இல்லாமல் அவளிடம் எந்தக் குரலில் பேசுவதென்று அவனுக்குத் தெரியவில்லை.

பழனி குதிரையைத் தட்டினான்.