தீ சுடாத கால்

புஸ்பத்துக்குக் கோபம் வந்தால் படுவான்கரை முழுக்கக் கேட்கும் என்பார்கள். அதில் பொய் இல்லை. தயிரில் தண்ணீர் கலந்திருக்கிறதோ என்று கேட்ட கடைக்காரரின் முகத்துக்கு நேரே தயிர் மண்முட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டியவள் அவள். தயிர் அசையவில்லை, கடைக்காரர்தான் பின்னால் நகர்ந்தார். புருசன் சாமித்தம்பி எருமைகளைப் பார்த்துக்கொள்ள, இவள் பாலைக் காய்ச்சி, முட்டிகளில் உறையவைத்து, பஸ்ஸில் ஏற்றி டவுனுக்குக் கொண்டுபோவாள். பிள்ளைகள் இல்லாத வீடு. சண்டைக்காரி, வாய்க்காரி என்று ஊரில் பல பேர் எடுத்திருந்தாள். எதற்கும் அவள் கவலைப்பட்டதில்லை. ஆனால் இந்த வருசம் வந்து சேர்ந்த பேர் வேறு. விரதம் முறித்தவள் என்றார்கள்.

சாமித்தம்பி புரட்டாதி மாதத்தில் அம்மாள் கோயிலில் தீ மிதிக்கிறவர். இளந்தாரியாக இருந்த காலத்திலிருந்து ஒரு வருசமும் விட்டதில்லை. முன்பெல்லாம் குழியைத் தாண்டி வந்ததும் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பார். பிறகு அதுவும் இல்லாமல் போனது. போன வருசம் இறங்கி வந்தபோது, “பூவில நடந்த மாதிரித்தான் இரிந்திச்சு” என்றார். கேட்டவர்கள் அவருடைய காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். கோயில் பூசை பார்க்கிற கட்டாடியார், அடுத்த வருசம் நீதான் முதலில் இறங்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். அம்மாள் அவரைத் தாங்கிக்கொண்டாள் என்று ஊர் நம்பியது, அவரும் நம்பினார். அவருக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, இருந்தது எல்லோருக்கும் தெரியும். ஆனால் சீனி வருத்தக்காரர் இல்லாத வீடு எங்கே இருக்கிறது? அதையும் தீக்குழியையும் சேர்த்து யோசிக்க யாருக்கும் தோன்றவில்லை.

இந்த வருசம் அவர் முதல் ஆளாக இறங்கினார். அம்மாள் துணை நிற்கும்போது அவசரம் எதற்கு என்று, வயல் வட்டைக்குள் வரம்பில் நடக்கிறவர் போல ஆறுதலாக நடந்தார். சனம் அரோகரா போட்டது. மறுநாள் உள்ளங்கால் இரண்டும் கொப்பளித்திருந்ததை அவர் ஒருவருக்கும் காட்டவில்லை. தீ சுட்டால் விரதத்தில் எங்கோ பிழை என்று அர்த்தம். அந்த வெட்கத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு எருமைச் சேற்றுக்குள் இறங்கி ஏறினார். வலது கால் நாற்றமெடுத்த பிறகுதான் வீட்டுக்கே தெரிந்தது.

டவுன் ஆஸ்பத்திரியில் முதலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். பிறகு முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டி வரலாம், பார்ப்போம் என்றார்கள். ஊரில் வேறு கேள்வி ஓடியது. சாமித்தம்பி காப்புக் கட்டிய நாளிலிருந்து கோயிலிலேயே படுத்தவர், அவரில் பிழை இருக்க முடியாது. அப்படியென்றால் யாரில்? தீ மிதிக்கிறவரின் வீட்டாரும் விரதம் காக்க வேண்டும். வீட்டுக்காரிதானே ஒவ்வொரு நாளும் டவுனுக்குப் போய்வருகிறாள், கண்ட இடத்தில் சாப்பிடுகிறாள். கட்டாடியார் அவளைக் கோயில் முன்றலில் எல்லோரும் பார்க்கக் கூப்பிட்டு விசாரித்தார். அதைக்கூட அவள் தாங்கியிருப்பாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி சாமித்தம்பி ஒரு நாள் கேட்டார்.

“உண்மையச் சொல்லு. டவுனில என்னத்தையும் திண்டயாகா?”

விரத நாள் ஒன்றில் பஸ் ஸ்டாண்டில் புஸ்பம் பசி பொறுக்காமல் மரக்கறி ரோல்ஸ் ஒன்று சாப்பிட்டிருந்தாள். மீன் ரோல்ஸும் அதே எண்ணெயில்தானே பொரிந்திருக்கும். ஊரையே வாயால் அடக்குகிற பெண், அந்த ஒரு ரோல்ஸை நினைத்து நினைத்து நெஞ்சு வெந்தாள். புருசனின் காலைத் தின்றது தன் வாய்தான் என்று நம்பிவிட்டாள். அவளை அப்படி நம்பவைத்தவர்களை நினைத்தால் இதைச் சொல்கிற எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது.

அப்படி இருக்கும்போதுதான் வாவிக்கரை ஹொட்டேல் ஒன்றிலிருந்து தயிருக்குச் சொல்லி அனுப்பினார்கள். பெரிய கூட்டம், பகல் சாப்பாட்டுக்குப் பிறகு தயிரும் இனிப்புப் பாணியும் வேண்டுமாம். சீனி வருத்தத்தை ஆராய்கிற கூட்டம் அது என்பது முட்டிகளை இறக்கும்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. நல்ல கூத்து என்று நினைத்துக்கொண்டு மண்டபத்தின் ஓரமாகச் சமையல்கட்டுக்கு நடந்தாள். உள்ளே கோட்டுப் போட்டவர்கள், இரண்டு மூன்று வெள்ளைக்காரர். முன்னால் ஒருவர் இங்கிலீசில் பேசிக்கொண்டிருந்தார். சுவரை மறைத்த பெரிய திரையில் ஒரு கால் தெரிந்தது.

புஸ்பம் நின்றாள். பெருவிரல் நகம் நடுவால் இரண்டாகப் பிளந்த கால் அது. மண்வெட்டி பட்டு அந்த நகம் பிளந்த அன்று மஞ்சள் வைத்துக் கட்டியது அவள்தான். உள்ளங்காலில் நீலப் பேனையால் வட்டங்கள் போட்டிருந்தது. கொப்பளமோ புண்ணோ ஒன்றும் இல்லை.

வாசலில் நின்ற பெண்ணையும் அவளுக்கு அடையாளம் தெரிந்தது. சித்திரை மாதம் பல்கலைக்கழகத்து ஆட்களோடு ஊருக்கு வந்து ஒவ்வொருவர் காலாகப் பார்த்த கம்சாயினி. அன்று புஸ்பம் அவளுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்திருந்தாள்.

“புள்ள, அது அவர்ர கால்தானே?”

கம்சாயினி திரையைத் திரும்பிப் பார்த்தாள். “ஓம் மாமி. சித்திரையில எடுத்த படம்.”

“என்ன வட்டம் அது?”

“நைலோன் நூலால தொட்டுப் பாத்த இடங்கள். தொடுறது தெரியுதா எண்டு. மாமாக்கு ஒரு இடத்திலயும் தெரியல்ல. கால் ரெண்டும் விறைச்சுப் போயிரிக்கி.”

“சித்திரையிலயே தெரியுமா உங்களுக்கு?”

“தெரியும் மாமி.”

“பிறகு ஏன் சொல்லல்ல?”

அந்தப் பெண் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “சொல்ல வேணாம் எண்டு நிலோஜன் சேர் சொன்னவர். சொன்னா ஆக்கள் கவனமாகிடுவாங்களாம். காலுக்கு என்ன நடக்குது எண்டு ஒரு வருசம் பாக்கத்தான் காசு தந்திரிக்காங்க. மருந்து செய்யிறதுக்கு அடுத்த கட்டக் காசு கிடைக்கோணும். அதுக்குத்தான் இண்டைக்கு இந்தக் கூட்டம்.”

அவ்வளவு நாளும் உள்ளே அடைந்து கிடந்த குரல் அப்போதுதான் வெளியே வந்தது.

“நிப்பாட்டுங்க!”

மண்டபம் திரும்பிப் பார்த்தது. பேசிக்கொண்டிருந்த டொக்டர் நிலோஜன்தான் அந்த ஆய்வின் தலைவர். புஸ்பம் நேரே அவரிடம் போனாள்.

“அது என்ட புருசன்ர கால். காலில உயிரில்ல எண்டு தெரிஞ்சுகொண்டு வாய மூடிக்கொண்டு இரிந்தயளா? அவர் நெருப்பில இறங்கினவர்! நடக்கிறதப் பாத்து எழுதுறதுக்கு நாங்க என்ன, கூட்டில அடைச்ச கோழியா?”

“அம்மா, வெளிய போய்க் கதைப்பம், வாங்க.” நிலோஜன் சிரித்த முகத்தோடுதான் சொன்னார். சாமித்தம்பி தீ மிதிப்பார் என்று எங்களுக்கு எப்படித் தெரியும் என்றார். எல்லோரும் சம்மதித்துக் கையெழுத்து வைத்தார்கள் என்றார். ஆய்வு இல்லாமல் காசு வராது, காசு இல்லாமல் மருந்து வராது என்றார். ஒவ்வொன்றும் நியாயம் போலத்தான் இருந்தது. அதுதான் அவளுக்கு இன்னும் வயிற்றெரிச்சலாக இருந்தது. முன்வரிசை வெள்ளைக்காரர் ஒருவர் இவள் என்ன சொல்கிறாள் என்று கேட்டார். நிலோஜன் என்னத்தை மொழிபெயர்த்தாரோ, அந்த மனுசன் எழுந்து இரண்டு கைகளையும் கூப்பி அவளைப் பார்த்துச் சிரித்தான்.

“சரி, ஒண்டு செய்யுங்க,” என்றாள் புஸ்பம். “எங்கட கோயிலடிக்கு வாங்க. இந்தப் படத்தக் காட்டி, கால் முதலே செத்துப்போன கால், இந்தப் பொம்பிளையில பிழையில்ல எண்டு கட்டாடியாருக்குச் சொல்லுங்க. வேற ஒண்டும் வேணாம்.”

“அது ஏலாதம்மா. ஆய்வில இருக்கிறவங்கட பேர், விபரம் ஒண்டும் நாங்க வெளியில சொல்லக் கூடாது. விதி.”

“அவர்ர காலச் சுவர் முழுக்கக் காட்டலாம். என்ட பேர் ஊரெல்லாம் நாறுது, அதுக்கு ஒரு சொல்லுச் சொல்லக் கூடாதா?”

நிலோஜன் அவளைக் கதவுவரை கூட்டிக்கொண்டு வந்தபோது, இரண்டாம் கட்டத்தில் மருந்தும் செருப்பும் இலவசமாகக் கொடுப்போம் என்றார். புருசனின் பேரைச் சேர்ப்பீர்களா என்று கேட்டாள். காலோ கால்விரலோ இழந்தவர்களை அந்தக் கட்டத்தில் சேர்க்க மாட்டார்களாம். அப்படித்தான் காசு தருகிறவர்கள் நிபந்தனை போட்டிருக்கிறார்களாம்.

புஸ்பம் ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனாள். சாமித்தம்பி விழித்துக்கொண்டு கிடந்தார். அக்கம்பக்கத்துக் கட்டில்களும் கேட்கட்டும் என்று எல்லாவற்றையும் உரக்கச் சொன்னாள். திரையில் தெரிந்த காலையும் நூலால் தொட்டுப் பார்த்ததையும் சித்திரையிலேயே தெரிந்திருந்ததையும் அவள் சொல்லச் சொல்ல, அவர் துணி சுற்றிய காலைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். அவள் முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டார்.

“அப்ப போன வருசம்? பூவில நடந்த மாதிரி இரிந்திச்சே?”

அது அம்மாள்தான் என்று சொல்லியிருக்கலாம். ஒரு சொல்லில் மனுசனுக்கு ஆறுதலாகியிருக்கும். ஆனால் அவள் குற்றவாளியாய் நின்ற நாள்களில் அவர் அவளுக்காக ஒரு சொல் சொல்லவில்லை. அந்தக் கோபம் அவளுக்கு நிலோஜன் மீதிருந்ததைவிடப் பெரிதாக இருந்தது.

“போன வருசமும் சீனிதான்,” என்றாள்.

சாமித்தம்பி போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். போர்வை குலுங்கியது. புஸ்பம் அழவில்லை, அவரைத் தொடவும் இல்லை.

“டொக்டர்மார் வந்து சொல்ல மாட்டாங்களாம். நீங்கதான் சொல்லோணும். என்னில பிழையில்ல, அம்மாளும் உங்களத் தாங்கல்ல, கால் விறைச்சிரிந்தது எண்டு உங்கட வாயால சொல்லோணும்.”

பக்கத்துக் கட்டில்காரர் மறுபக்கம் திரும்பிப் படுத்தார். பார்க்க வந்தவர்கள் வெளியே போகிற நேரம் என்று தாதி வந்து சொல்லிவிட்டுப் போனாள். புஸ்பம் அசையாமல் நின்றாள்.

“கட்டாடியார வரச் சொல்லு,” என்றார் சாமித்தம்பி போர்வைக்குள்ளிருந்து.