டிஸ்சார்ஜ் இருக்கா?

லாட்ஜில் படுக்கை மாற்றுவது அவள் வேலை. பதினோரு வருஷமாக முன்பின் தெரியாதவர்கள் புரண்டு எழுந்த விரிப்புகளை அள்ளி அள்ளி, மனித உடம்பின் மேலேயே அவளுக்கு ஒரு கசப்பு வந்துவிட்டது. எச்சில், வியர்வை, தலை எண்ணெய், இன்னும் சொல்ல நாக்கூசுகிற கறைகள். கறை கண்ணில் பட்டதும் அதை உள்பக்கமாக மடித்துச் சுருட்டிக் கூடையில் எறிந்துவிட்டு, மறுநொடியே புதுசை விரித்துவிடுவாள். அது என்ன கறை என்று ஆராய்ந்தால் அன்றைக்குச் சாப்பாடு தொண்டையில் இறங்காது. கூட வேலை செய்கிறவர்கள் அவளுக்கு வைத்திருந்த பெயர் சீச்சி. வாயைத் திறந்தால் முதலில் வருவது அதுதான்.

அப்படிப்பட்டவளை எலும்பு முறிவு வார்டில் உட்கார வைத்தது விதி. கணவர் பெயின்டர். ஏணி சறுக்கிக் கணுக்கால் நொறுங்கி, தகடு வைத்து ஆபரேஷன் செய்திருந்தார்கள். இருபது கட்டிலுக்கு ஒரே கக்கூஸ். அதன் கதவோ சாத்தினால் திறக்காது, திறந்தால் சாத்தாது. பக்கத்துக் கட்டில்காரர் இருமி இருமித் துப்புவதற்கென்றே ஒரு டப்பா வைத்திருந்தார். அதற்கு மூடி இல்லை. அவள் முந்தானையை மூக்கில் வைத்தபடியே பேசினாள், தூங்கினாள். 'எப்படா இந்த நரகத்திலிருந்து வெளியே போவோம்' என்பது தவிர அவளுக்கு வேறு நினைப்பே இல்லை.

வெளியே போவதற்கு அங்கே ஒரு வார்த்தை இருந்தது, டிஸ்சார்ஜ். அதுதான் அவளுக்கு மந்திரம். ஒவ்வொரு கட்டிலாக அந்த வார்த்தை விழ, ஆட்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு சிரித்தபடி போனார்கள்.

தினமும் காலையில் நர்ஸ் கையில் அட்டையோடு புயல் மாதிரி வருவாள். கட்டுக்குள் கட்டாக இருக்கும் காலைத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு, "டிஸ்சார்ஜ் ஏதாவது இருக்கா?" என்பாள்.

"இன்னும் இல்ல சிஸ்டர்," என்பாள் இவள், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு.

நர்ஸ் எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவாள். ஐந்தாம் நாள் இவளுக்குப் பொறுக்கவில்லை. "இன்னிக்காவது வருமா சிஸ்டர்?" என்று கேட்டாள்.

"வராம இருந்தா நல்லதுதானேம்மா," என்றாள் நர்ஸ்.

திமிரைப் பார் என்று இவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாங்கள் வீட்டுக்குப் போகாமல் இங்கேயே கிடந்து நாறுவது இவளுக்கு நல்லதாமே.

ஆறாம் நாள் பெரிய டாக்டர் வந்தார், அட்டையைப் புரட்டினார், "ஒண்ணும் பிரச்சினை இல்ல, வீட்டுக்குப் போகலாம்" என்றார். அவள் அன்று கால் தரையில் படாமல் நடந்தாள்.

வீட்டுக்கு வந்த இரண்டாம் நாள் காய்ச்சல். மூன்றாம் நாள் நாற்றம். எலி ஏதும் செத்துக் கிடக்கிறதோ என்று பீரோவை நகர்த்திப் பார்த்தாள். நாற்றம் கட்டிலிலிருந்து வந்தது.

திரும்ப அதே வார்டு. டியூட்டி டாக்டர் கட்டைப் பிரித்தார். அவள் ஜன்னலுக்கு ஓடிப் போய்க் குமட்டினாள். திரும்பி வந்தபோது டாக்டர் பழைய அட்டையை நீட்டிக்கொண்டு நின்றார்.

"அஞ்சு நாளும் டிஸ்சார்ஜ் இல்லன்னு எழுதியிருக்கு. நீங்கதான் சொன்னீங்களாமே?"

"ஆமா டாக்டர். ஆறாம் நாள்தானே டிஸ்சார்ஜ் பண்ணீங்க?"

டாக்டர் நர்ஸைப் பார்த்தார். நர்ஸ் தரையைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "புண்ணுலேர்ந்து சீழ் வடிஞ்சா அதுவும் டிஸ்சார்ஜ்தாம்மா. நான் அதைத்தான் கேட்டேன்," என்றாள்.

"வீட்டுக்குப் போறதும் சீழ் வடியறதும் ஒரே வார்த்தையா? சீழ் வருதான்னு கேட்டா உங்க வாயில இருந்து முத்தா உதிர்ந்திடும்?"

"காலங்காத்தால அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கே ஒரு மாதிரியா இருக்கும்மா."

தன்னையும் மிஞ்சின ஒரு சீச்சி இருக்கிறாள் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. நாலு வார்த்தை நன்றாகக் கேட்டுவிட வாயைத் திறந்தாள். அதற்குள் அந்த ஐந்து நாட்களும் ஞாபகத்துக்கு வந்தன. குதிகாலுக்கு அடியில் விரித்த துண்டு இரண்டாம் நாளிலிருந்தே மஞ்சளாக நனைந்திருந்தது. மருந்து கசிகிறது என்று அவளாக நினைத்துக்கொண்டு, நர்ஸ் வருவதற்கு முன்பே தினமும் உள்பக்கமாக மடித்துச் சுருட்டி எறிந்துவிட்டுப் புதுசை விரித்தவள் அவள்தானே. சீ, என்ன பிழைப்பு இது என்று தன்னையே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது.

மறுபடி ஆபரேஷன் அறைக்குள் கொண்டுபோய்ப் புண்ணைக் கழுவினார்கள். "மூணு நாள் பார்ப்போம். அதுக்கப்புறமும் சீழ் வந்தா உடனே சொல்லணும். எலும்புக்குள்ள போயிட்டா பாதத்தை எடுக்கறதைத் தவிர வழியில்ல," என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் அவள் கணவரிடம் கேட்டாள். "உங்க கால்தானே? ஈரம் உங்களுக்குத் தெரியலையா?"

"தெரிஞ்சுது."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

அவர் போர்வை நுனியைத் திருகிக்கொண்டே இருந்தார். "துண்டை மாத்தறப்போ நீ மூஞ்சிய ஒரு மாதிரி வச்சுப்ப. இன்னும் சொன்னா என் பக்கமே வரமாட்டியோன்னு இருந்துச்சு."

இருபது வருஷம் கூட வாழ்ந்த மனிதர், கால் அழுகுவதை விட அவள் முகச்சுளிப்புக்குப் பயந்திருக்கிறார். தன் முகத்தை நினைத்தபோது வந்த அருவருப்பு அவளுக்கு அந்தச் சீழைப் பார்த்தபோது கூட வரவில்லை.

மூன்றாம் நாள் காலை நர்ஸ் வந்தாள். இந்த முறை குனிந்து, கட்டின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "சீழ் வர்ற மாதிரி இருக்குதாங்கய்யா?" என்று கேட்டாள்.

அவர் முதலில் மனைவியின் முகத்தைப் பார்த்தார்.