பச்சைப் பெயிண்ட் அடித்த பொம்மைப் பீரோ

எங்கள் ஜீப்பில் ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்கு வரும் பெண்களில் மகாராணிக்கு மட்டும் கை சும்மா இருக்காது. போடிமெட்டு மலைப்பாதை வளைவுகளில் நாங்கள் ஒருவர் மேல் ஒருவர் சாயும்போதும், அவள் சுண்டுவிரல் அளவுக் கட்டில் காலை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருப்பாள். மரத்தூள் முழுக்க என் மடியில். திட்டினால், "தட்டிவிட்டுக்க மதினி, தூசிதான?" என்பாள்.

பொம்மைகளுக்கு மரச்சாமான் செய்வதுதான் அவள் பைத்தியம். மர மில்லில் கழித்துப் போடும் சில்லுகளைப் பொறுக்கி வருவாள். கண்ணாடி வைத்த பீரோ, சாய்வு நாற்காலி, டிரங்குப் பெட்டி, முக்காலி என்று எல்லாம் உள்ளங்கையில் நிற்கும். பீரோ கதவைத் திறந்தால் சேலை தொங்கவிட ஒரு கம்பிகூட இருக்கும். பார்த்தால், பேசாமல் பொம்மையாகவே பிறந்திருக்கலாம் என்று தோன்றும்.

கோயம்புத்தூரில் பொம்மைக் கடை வைத்திருக்கும் அமுதவள்ளி ஒரு வீட்டுக்கான முழு செட்டையும் கேட்டிருந்தார். பழங்காலத்துச் சாமானாகத் தெரிய வேண்டும். பிடித்துவிட்டால் மாதாமாதம் வாங்கிக்கொள்வார். மகாராணி மலையேறுவதை நிறுத்த வேண்டுமானால் அந்த செட் தேற வேண்டும். இவளோ அதற்குள் கங்காணியிடம், "திங்கக்கெழமைலருந்து வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். அவ்வளவு தைரியம்.

வெள்ளை பெயிண்ட் அடித்து, ஓரங்களைத் தேய்த்து மரம் தெரியவிட்டு, பால் ஊற்றாத டீயைப் பூசி அழுக்கேற்றினாள். எல்லாவற்றையும் சன்னலோரம் காயவைத்துவிட்டு, சனிக்கிழமை கடைசி வேலைக்கு எங்களோடு வந்தாள். அன்று வேறு ஜீப். எங்கள் ஜீப்பை ஓட்டுபவர் அவள் புருஷன் வீரணன். அவர் வீட்டு வாசலில் நிறுத்தி வண்டிக்குப் புதுப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் வீட்டுக்குள் போனவள் போட்ட கத்தலில் நான் ஓடினேன். செட் முழுவதும் பச்சைப்பசேலென்று பளபளத்தது. ஜீப்புக்கு அடித்த மிச்சம். பீரோ நெற்றியில் சந்தனம் குங்குமம் வேறு.

"பெயிண்டெல்லாம் உரிஞ்சு அழுக்கா கெடந்துச்சு புள்ள. கடைக்குப் போற சாமான் சீர் சாமான் மாதிரி பளிச்சுனு இருக்க வேணாமா?" என்றார் வீரணன், பெருமையாக.

"உரிச்சதே நாந்தான்யா!" என்றவள் அப்படியே உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

வீரணன் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் அவர் முகம் போன போக்கைப் பார்த்ததும் திட்ட வாய் வரவில்லை. எங்கள் ஊரில் கல்யாணச் சீராகக் கொடுக்கிற கட்டில் பீரோவில் ஒரு கீறல் இருந்தாலும் சம்பந்தி வீட்டார் பேசியே கொன்றுவிடுவார்கள். மனிதர் அந்தப் பயத்தில் செய்திருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை பெயிண்ட் காய்ந்ததும் மூன்று பேரும் உப்புத்தாளோடு உட்கார்ந்தோம். மொத்தத்தையும் சுரண்டிவிட்டு முதலிலிருந்து தொடங்குவதாகத் திட்டம். பீரோ ஓரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்த மகாராணி சட்டென்று நிறுத்தினாள். பச்சைக்குக் கீழே வெள்ளை, வெள்ளைக்குக் கீழே மரம். ஒரு குடும்பமே புழங்கி, கல்யாணத்துக்குக் கல்யாணம் பெயிண்ட் அடித்த பீரோ மாதிரி இருந்தது. அவள் தனியாகச் செய்தபோது இவ்வளவு பழசாகத் தெரியவில்லை.

"ஏய்யா, போதும்! இதுக்கு மேல தேய்ச்சுராத!" என்று புருஷன் கையைப் பிடித்தாள். "அந்த மிச்ச பெயிண்டக் கொண்டா, பத்திரமா வைக்கணும்."

போட்டோ பார்த்த அமுதவள்ளி அடுத்த மாதத்துக்கும் சேர்த்து ஆர்டர் சொல்லிவிட்டார். வீரணன் எல்லாம் தெரிந்தே செய்தவர்போலத் தெருவில் நடந்தார்.

திங்கட்கிழமை காலையில் எங்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு தன் வீட்டைத் தாண்டினார். மகாராணி வாசலில் நின்று, "வெரசாப் போங்கடி, மழை வருது!" என்று கையாட்டிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் ஜெயித்ததில் எனக்கு அத்தனை சந்தோஷம். ஆனாலும் ஜீப்பை விட்டு இறங்கி அவள் பக்கத்தில் போய் நின்றுவிட வேண்டும்போல இருந்தது.