நான்கு பாஸ் கிடார்களும் ஒரு மீன் தராசும்

காலை பத்து நாற்பது. மாடி அறைக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது, உத்தரத்துக் கொக்கியிலிருந்து கயிற்றில் தொங்கிய மீன் தராசு. உள்ளங்கை அளவு இருக்கும். எண் ஒளிரும் வகை. அதன் கீழ்க் கொக்கியில் உலர்ந்த செதில் ஒன்று ஒட்டியிருந்தது.

தராசு எங்கள் டிரம்மருடைய மனைவியினுடையது. வைத்திக்குப்பத்தில் மீன் விற்கிறவர். சனிக்கிழமைகளில் வியாபாரம் மந்தம் என்பதால் அதைக் கொடுத்தனுப்பியிருந்தார். அறை முத்தியால்பேட்டையில், மதாம் வீட்டு மாடி. மதாம் என்று நாங்கள் அழைப்பது குழுவை நடத்துகிறவரை. பள்ளியில் பிரெஞ்சு கற்பிக்கிறார், கல்யாண மேடைகளில் கீபோர்டு வாசிக்கிறார். குழுவில் நான்கே பேர். நான் ரிதம் கிடார். பகலில் பத்திரிகை அலுவலகத்தில் மற்றவர்கள் எழுதியதைத் திருத்துகிறேன்.

நான்காமவர்தான் அன்றைய கூட்டத்துக்குக் காரணம். லாஸ்பேட்டையில் குடியிருப்பவர், அரசு அலுவலக எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் பாஸ் கிடார்காரர். கல்யாணத்துக்குக் கல்யாணம் கஞ்சி போட்டு இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையில் வருவார். அதனால் டிரம்மர் அவரை முசே என்பார், பிரெஞ்சில் ஐயா. பாதி மரியாதை, பாதி கிண்டல்.

அடுத்த வாரம் புதன்கிழமை அவருடைய மகளுக்குக் கல்யாணம். எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. குழுவில் ஒருவர் வீட்டுக் கல்யாணம் என்றால், மாலை வரவேற்பில் மணமக்கள் மண்டபத்துக்குள் நடந்து வரும்போது வாசிக்கும் முதல் பாட்டுக்கு அவர் தன் வாத்தியத்தோடு மேடையில் இருக்க வேண்டும். டிரம்மர் தன் தம்பி கல்யாணத்தில் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடித்தார். பாஸ்காரர் அந்தப் பாட்டை ஆறு மாதமாக வீட்டில் வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மகளுக்கும் அது தெரியும்.

ஆனால் கடந்த மூன்று கல்யாணங்களில் அவர் தப்பாக வாசித்திருந்தார். தாளம் தப்பவில்லை, சுரம் தப்பியது. கிடாரின் கழுத்தில், தந்திகளை அழுத்துகிற அந்த நீண்ட கட்டையில், விரல் சரியான கட்டத்தை விட்டுப் பக்கத்துக் கட்டத்தில் போய் விழுந்தது. கேட்டவர்களுக்குத் தெரியாது. மதாமுக்குத் தெரிந்தது. "வெயிட்டும்மா," என்றார் பாஸ்காரர் அவரிடம். "அஞ்சு கிலோவ மூணு மணி நேரம் தோள்ல மாட்டிக்கினு நின்னா கை மரத்துப் போவாதா? எட கம்மியா ஒண்ணு எடுத்தா சரியாப் பூடும்."

மதாம் ஒப்புக்கொண்டார். வாத்தியக் கடைக்காரர் இரண்டு பாஸ் கிடார்களை மாலைவரை பார்த்துவிட்டுத் தரச் சொல்லி அனுப்பியிருந்தார். ஒன்று கறுப்பு, ஒன்று சிவப்பு. பாஸ்காரருடைய பழைய கிடார் ஒன்று. என்னுடையது ஒன்று. இரண்டு வருடத்துக்கு முன் நானும் ஒரு பாஸ் கிடார் வாங்கியிருந்தேன். ரிதம் வாசிக்கிறவனுக்கு அது எதற்கு என்று அதுவரை யாரும் கேட்கவில்லை.

நான் குறிப்பேட்டில் பென்சிலால் நான்கு கோடுகள் போட்டேன். டிரம்மர் ஒவ்வொரு கிடாரையும் அதன் தோள்வாரில் பிடித்துக் கொக்கியில் மாட்டினார்.

"வஞ்சிரம் மாரி தொங்குது பாருங்க," என்றார். "வெட்டிக் குடுக்கட்டா மதாம்? தல வேணுமா, நடுத்துண்டு வேணுமா?"

"எடையச் சொல்லுங்க," என்றார் மதாம்.

பாஸ்காரருடையது நான்கு கிலோ எழுநூற்றுப் பத்து கிராம். கறுப்பு மூன்று கிலோ தொள்ளாயிரத்து எண்பது. என்னுடையது மூன்று கிலோ அறுநூற்று நாற்பது. சிவப்பு மூன்று கிலோ நூற்றைம்பது.

"பாத்தியா தம்பி?" என்றார் பாஸ்காரர் என்னிடம். "என்னுது அஞ்சு கிலோ."

"நாலு எழுநூத்திப் பத்துண்ணே," என்றேன்.

"வார் ஈரமா இருந்தா அஞ்சு."

சிவப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றார். முகம் மலர்ந்தது. கையை எடுத்ததும் அதன் கழுத்து தரையைப் பார்த்துச் சரிந்தது. உடம்பு லேசாக இருந்தால் அப்படித்தான், தலை கனத்து இழுக்கும். வாசிக்கிறவன் இடது கையாலேயே கழுத்தைத் தாங்கியபடி வாசிக்க வேண்டும். எடை குறைந்த கிடார் தோளுக்கு நல்லது, இடது கைக்குக் கெட்டது. இதை நான் சொல்லியிருக்கலாம். குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

அவருடைய இடது கையைப் பற்றி எனக்கு முன்பே தெரிந்திருந்தது. மூன்று வாரத்துக்கு முன் இருவரும் டீ குடித்தோம். ஆற்றாத டீ. நான் கிளாஸை விளிம்பில் பிடித்து, கை மாற்றி மாற்றிக் குடித்தேன். அவர் இடது கையால் முழுதாகப் பற்றியிருந்தார். பேசி முடிக்கும்வரை கையை எடுக்கவில்லை. ஆள்காட்டி விரலின் நுனியில் பழைய கொப்புளம் ஒன்று வெள்ளையாக உரிந்திருந்தது. எப்படி வந்தது என்று கேட்டேன். பார்த்துவிட்டு, "இது எப்ப?" என்று என்னையே கேட்டார்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. தாமதமாகச் சொன்னால் எந்தத் தகவலுக்கு அதிகப் பயன் என்று கணக்கிடுவது பத்திரிகைத் தொழிலில் பழகிப்போன ஒன்று.

"எடை பாத்தாச்சு, கழுத்தும் பாத்துரலாம்," என்றேன். "கையில எது நல்லா உக்காருதுன்னு அண்ணன்தான் சொல்லணும். கண்ண மூடிக்கிட்டே எந்தக் கழுத்து யாருதுன்னு சொல்வேன்னு சொல்வாரே."

அது உண்மை. இருபது வருடமாக எல்லா மேடையிலும் சொல்லி வந்தது. அவருடைய கிடாரின் கழுத்துக்குப் பின்புறம், மூன்றாவது கட்டத்துக்கு நேரே, அரிசி மணி அளவில் ஒரு பள்ளம் இருந்தது. எப்போதோ வேனிலிருந்து விழுந்தபோது பட்டது. "என் கட்டைவிரலுக்கு அதான் வீட்டு வாசப்படி," என்பார்.

டிரம்மர் கைதட்டினார். "முசே! இன்னிக்கு மாட்னீங்க!"

"டேய், நீ பொறக்கறதுக்கு முன்ன புடிச்ச கழுத்துடா இது. கட்டு கண்ண."

கீபோர்டை மூடும் கறுப்புத் துணியை நான்காக மடித்து அவர் கண்ணைக் கட்டினோம். டிரம்மர் முதலில் சிவப்பை அவர் மடியில் வைத்தார். "செவப்பு," என்றார் உடனே. அடுத்து கறுப்பு. "கடைக்காரனோட இன்னொண்ணு." இரண்டும் சரி. மதாம் சிரித்தார். அவரும் சிரித்தார்.

"மடியில வச்சா எடையே சொல்லிக் குடுத்துருது," என்றேன். "கழுத்து மட்டும் கைக்குக் குடுக்கணும்."

இரண்டு நாற்காலிகளை எதிரெதிரே போட்டு அவற்றின் மேல் கிடாரைப் படுக்க வைத்தேன். இனி எடை அவரிடம் எதையும் சொல்லாது. டிரம்மர் அவருடைய இடது கையை மட்டும் பிடித்துக் கொண்டுபோய்க் கழுத்தின் மேல் வைத்தார். வலது கை தந்தியைத் தேடி வந்தது. டிரம்மர் அதைத் தட்டிவிட்டார்.

"வலது கை ஆட்டத்துல இல்ல."

நான் வைத்தது அவருடைய கிடாரை.

கை கழுத்தின் நீளத்துக்கும் போய் வந்தது. கட்டைவிரல் பள்ளத்தின் மேல் ஏறி இறங்கியது. நிற்கவில்லை. திரும்பி வந்தபோதும் அதன் மேலேயே போனது. நிற்கவில்லை. குனிந்து முகர்ந்து பார்த்தார்.

"மோப்பம் புடிக்கிறாரு! நாய்க்குத் தனி மார்க்கு உண்டா மதாம்?"

"சும்மா இருடா." நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு உதட்டைப் பிதுக்கினார். "இது தம்பியோடதுதான். இதுக்குப் பேரு கழுத்தா? தொடப்பக் கட்டைக்குத் தந்தி கட்டி வச்சிருக்கான். காச வீணாக்கிட்டியே தம்பி."

டிரம்மர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். என்னைக் கிண்டல் செய்ததற்குத்தான் அவன் சிரிக்கிறான் என்று நினைத்து, பாஸ்காரரும் கூடச் சிரித்தார். கண்கட்டோடு சிரிக்கிற முகத்தில் பற்கள் மட்டும் தெரிந்தன.

மதாம் சிரிக்கவில்லை. வாயில் விரல் வைத்து டிரம்மரை அடக்கினார். என் பக்கம் கை நீட்டினார். பென்சிலைக் கொடுத்தேன். அவர் கூர் நுனியால் பாஸ்காரரின் ஆள்காட்டி விரலை அழுத்தினார். விரல் அசையவில்லை.

"அண்ணே, இப்ப எந்த விரலத் தொடுறேன்?"

சிரிப்பு நின்றது. "எதுக்கு?"

"சும்மா சொல்லுங்க."

"மோதர விரலு."

மதாம் பென்சிலை எடுத்துத் தள்ளிப் பிடித்தார். எந்த விரலிலும் படவில்லை. "இப்ப?"

கீழே தெருவில் ஒரு ஸ்கூட்டர் போனது. அவர் தலையைச் சாய்த்தார். "நடு விரலு," என்றார். பிறகு, "ஆமா, நடு விரலுதான்."

மதாமே துணியை அவிழ்த்தார். பாஸ்காரர் முதலில் பென்சிலைப் பார்த்தார். அடுத்து நாற்காலிகளின் மேல் கிடந்த கிடாரை. கட்டைவிரலைக் கொண்டுபோய்ப் பள்ளத்தின் மேல் வைத்தார், இந்த முறை கண்ணால் பார்த்து.

"எத்தன நாளா?" என்றார் மதாம்.

"சுகரும்மா. மாத்திர சாப்பிடுறேன். மாதா கோயில் திருவிழாவுக்குக் கொடி ஏத்துனதுல இருந்துதான் இப்படி, மூணு மாசமா." பிறகு, "மடியில குடுத்திருந்தா சொல்லியிருப்பேன்," என்றார். அது உண்மை. "அந்தச் செவப்ப எடுத்துக்கலாம்மா. மூணு கிலோதான். ஒரு பாட்டு. ஒரே ஒரு பாட்டு."

"வெயிட்டு இல்லண்ணே பிரச்சன."

"எம் பொண்ணு கல்யாணம்மா."

"அதனாலதான் சொல்றேன். முன்னூறு பேரு முன்னாடி நீங்க தடவிக்கிட்டு நிக்கிறத அது பாக்கணுமா?"

தடவுவது என்ற சொல்லை மதாம் தேர்ந்தெடுத்துத்தான் பயன்படுத்தினார். வகுப்பில் பிள்ளைகளின் தாளைத் திருத்துகிற குரல் அது.

"புதன்கிழமை நான் வாசிக்கிறேன்," என்றேன். இந்த வாக்கியத்தை மாடிப்படி ஏறும்போதே முடிவு செய்திருந்தேன். வெளியே வந்தபோது அது கொஞ்சம் சீக்கிரமாக வந்துவிட்டது. பாஸ்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பார்வை குறிப்பேட்டுக்குப் போய், நாற்காலிகளுக்குப் போய், மறுபடி என்னிடம் வந்தது. நாற்பது வருடம் கோப்பு பார்த்தவர். எது யார் கையெழுத்து என்று அவருக்குப் புரிந்தது.

"இதுக்குத்தான் வாங்கி வச்சியா தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

நான் குறிப்பேட்டை மூடினேன். டிரம்மர் தராசைக் கயிற்றிலிருந்து அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டார். அன்று அவர் அடித்த கடைசி ஜோக்கும் அப்போதுதான். "விடுங்க முசே. பொண்ணக் குடுக்குறவரு கழுத்தப் புடிச்சா நல்லாவா இருக்கும்?" யாரும் சிரிக்கவில்லை, டிரம்மரைத் தவிர.

"உங்க கிடாரு வேணாம்," என்றார் மதாம் என்னிடம். "அந்த மண்டபத்துக்கு அதுல சத்தம் பத்தாது. அண்ணனோடதுலயே வாசிங்க. அண்ணே, குடுப்பீங்கல்ல?"

அவர் கிடாரை எடுத்தார். நான் அவரைவிட உயரம். வாரை என் உயரத்துக்கு நீட்ட வேண்டியிருந்தது. கொக்கியின் துளையை அவர் விரல் கண்டுபிடிக்கவில்லை. மூன்று முறை நழுவியது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். நான்காம் முறை வாரை வாயில் கடித்துப் பிடித்துக்கொண்டு வலது கையால் மாட்டினார். துடைத்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

புதன்கிழமை மாலை ஏழு பத்துக்கு மணமக்கள் மண்டபத்துக்குள் நுழைந்தார்கள். நாங்கள் முதல் பாட்டைத் தொடங்கினோம். மணப்பெண் பாதி வழியில் தலை தூக்கி மேடையின் இடது பக்கத்தைப் பார்த்தாள். அங்கே அவளுடைய அப்பா எப்போதும் நிற்கிற இடத்தில் நான் நின்றிருந்தேன். அவள் என்னைப் பார்த்தாள், கிடாரைப் பார்த்தாள், பிறகு நாற்காலி வரிசைகளில் தேட ஆரம்பித்தாள். கணவன் கையைப் பிடித்து இழுத்ததும் நடந்தாள். அவளுடைய அப்பா முதல் வரிசையில், கஞ்சி போட்ட சட்டையில், இரண்டு கையையும் முழங்கால் மேல் வைத்து உட்கார்ந்திருந்தார். பாட்டு முடிந்ததும் மற்றவர்களோடு சேர்ந்து கைதட்டினார்.

நான் ஒரு இடத்திலும் தப்பு விடவில்லை. நான்கில் அவருடைய கிடாரின் கழுத்துதான் கைக்கு நன்றாக இருந்தது.